முப்பது மில்லிகிராம்

பிப்ரவரி 11

மருந்துச் சோதனைக்கூடப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

குழந்தைகள் இல்லத்து மருத்துவ அறையின் நர்ஸ் எழுதுவது. எங்கள் இல்லத்தில் ஐந்து முதல் ஒன்பது வயது வரை முப்பத்திரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். தாய் தகப்பன் இல்லாதவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுப்போம். இந்த முறை உங்கள் தொழிற்சாலையின் சான்டோனின் மாத்திரை வந்தது. நூறு மாத்திரை கொண்ட பழுப்புக் குப்பி, பேட்ச் எண் 214. ஒவ்வொரு மாத்திரையிலும் முப்பது மில்லிகிராம் என்று சீட்டு சொல்கிறது.

இம்மாதம் ஆறாம் தேதி காலை ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன். மாலையில் எல்லோருக்கும் விளக்கெண்ணெய். அன்று நடுப்பகலுக்குள்ளேயே பதினோரு பேர் சுவர் மஞ்சளாகத் தெரிகிறது என்றார்கள். நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். ஏழாம் தேதி பிற்பகல் ஐந்து வயதுப் பெண் ஒருத்திக்கு வலிப்பு வந்தது. ஒரு முறை அல்ல, மூன்று முறை. இதை எழுதும்போதுகூட அவள் கண் திறந்து யாரையும் அடையாளம் காணவில்லை.

சீட்டில் சொன்னதைவிட மாத்திரையில் மருந்து அதிகம் இருக்கிறது என்பது என் சந்தேகம். உடனே சோதித்துப் பதில் எழுத வேண்டும்.

குப்பியோடு வந்த சான்றிதழில் உள்ள கையெழுத்து எனக்குத் தெரியாததல்ல. அந்த விரல்களைப் பிடித்து எழுதப் பழக்கியவளே நான்தான். அதனால் சலுகையும் வேண்டாம், கோபமும் வேண்டாம். பதில் மட்டும் போதும்.

இப்படிக்கு,
நர்ஸ்

*

பிப்ரவரி 16

நர்ஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இல்லை, இப்படி எழுத எனக்கு வரவில்லை. அக்கா, உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் கடிதம், அதுவும் பேட்ச் எண்ணோடு.

அந்தக் குழந்தை எப்படி இருக்கிறாள்? அதை முதலில் எழுது.

ஒவ்வொரு பேட்சிலும் ஒரு குப்பியை எங்கள் அலமாரியில் எடுத்து வைப்போம். 214-ஐ இன்று மறுபடி சோதித்தேன். பத்து மாத்திரையைப் பொடித்து, கலந்து, க்ளோரோஃபார்மில் போட்டால் சான்டோனின் மட்டும் கரையும். சர்க்கரையும் மாவும் அடியில் நின்றுவிடும். வடிகட்டி, காயவைத்து, நிறுத்தேன். மாத்திரைக்கு முப்பத்தொன்று மில்லிகிராம். உருகுநிலை சரி. வேறு நஞ்சு கலந்திருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. ஆகவே மருந்து அதிகம் இல்லை.

மஞ்சளாகத் தெரிவது இந்த மருந்தின் பழைய குணம். பயப்பட வேண்டியதில்லை, ஒரு நாளில் போய்விடும். இது எங்கள் உலைகளில் பிறந்ததல்ல. வறண்ட புல்வெளியில் வளரும் ஒரு குத்துச்செடி. அதன் விரியாத பூமொட்டை எடுத்துப் பொடித்துத் தேனில் குழைத்துப் பல நூறு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பூச்சி விதை என்று பெயர், ஆனால் அது விதையே இல்லை. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால்தான் அந்த மொட்டிலிருந்து இந்தப் படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். அன்றிலிருந்தே மஞ்சள் பார்வையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

வலிப்பு வேறு விஷயம். மருந்து உடம்பில் ஏறினால்தான் அது வரும். இது பூச்சியைக் கொல்லாது, குடலைப் பிடித்துக்கொண்டிருக்கும் அதன் பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான். பேதியாகி வெளியே போகாவிட்டால் மருந்தும் உள்ளேயே தங்கிவிடும். அதனால் கேட்கிறேன்: அவளுக்கு விளக்கெண்ணெய் உள்ளே போனதா, துப்பிவிட்டாளா? எடை எவ்வளவு? இன்னொன்று எனக்குப் புரியவில்லை. மாத்திரை ஆறாம் தேதி காலை. வலிப்பு மறுநாள் பிற்பகல். இந்த மருந்து அவ்வளவு நேரம் காத்திருக்காதே?

கோபம் வேண்டாம் என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் இல்லை.

தங்கை

*

பிப்ரவரி 20

சோதனைக்கூடத்துப் பெரிய மனுஷிக்கு,

விளக்கெண்ணெய் எப்படிக் கொடுப்பது என்று எனக்குச் சொல்லித்தருகிறாயா? சரிதான். நான் இந்த வேலைக்கு வந்து பதினேழு வருஷம். மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்து, உள்ளே போனதா என்று நாக்கடியில் விரல் விட்டுப் பார்ப்பவள் நான். உன் தராசு துப்பாது, வாந்தி எடுக்காது, "வேணாம்" என்று காலைக் கட்டிக்கொண்டு அழாது.

கேட்டாயே, சொல்கிறேன். எடை பதினாலு கிலோ. இல்லத்தில் அவளைக் கேள்விக்காரி என்போம். வெந்நீர் ஏன் சுடுகிறது, சுவருக்கு முதுகு உண்டா என்று நாள் முழுக்கத் துளைத்தெடுப்பாள். ஏழாம் தேதி பிற்பகல் ஜன்னலைக் காட்டி, "ஏன் இங்க எல்லாம் பழுத்துப் போச்சு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கண் மேலே செருகிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் வரும் டாக்டர் மூன்றாம் நாள்தான் வந்தார். பார்த்துவிட்டு, "காத்திருக்கறதுதான்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது நாள் கழித்துக் கண் விழித்தாள். நேற்று என் கட்டை விரலைப் பிடித்தாள். வலது கைக்கு இன்னும் பலம் வரவில்லை. கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. அறை அமைதியாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னும் ஒன்று. ஆறாம் தேதி மாலை சலவைக்காரம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைகளின் துணியை ஒவ்வொன்றாகச் சோடாக் கரைசலில் முக்க முக்கச் சிவந்துவிட்டதாம். "ரத்தம்! பிள்ளைங்க எல்லாம் ரத்தமா போகுதுங்க! ஏழாம் நம்பரும் இன்னும் ஆறேழு துணியும்தான் வெள்ளையா இருக்கு!" மறுநாள் அதே ஏழாம் நம்பர் துணிதான் மற்ற எல்லாவற்றையும்விடச் சிவந்தது என்று வந்து நின்றாள். இதையும் உன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா?

அலமாரிக் குப்பியைச் சோதித்து என்ன பிரயோசனம்? என் பிள்ளைகள் தின்றது என் குப்பியிலிருந்து. அதிலிருந்து முப்பது மாத்திரை தகரப் பெட்டியில் வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எண்ணித்தான் வைத்தேன். மாத்திரை எண்ணிக் கொடுக்கிற வேலைதானே என் வேலை, மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ சொன்ன மாதிரி.

அக்கா

*

பிப்ரவரி 26

அக்கா,

அன்று நீ எனக்குப் பேசிய கல்யாணத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. "அப்ப குப்பிகளோடயே குடும்பம் நடத்து" என்றாய். நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். சொன்ன மறு நிமிஷமே அது தப்பு என்று தெரியும். ஆனால் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க இது நேரமில்லை. முதலில் மாத்திரை.

தகரப் பெட்டி வந்ததும் விதிப்படி பத்து மாத்திரையைச் சேர்த்துப் பொடித்தேன். முப்பத்திரண்டு. சரிதான், பதில் எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. பதினோரு பேர், நான்கு பேர், ஒருத்தி என்று நீ எழுதியிருந்தது மண்டையைக் குடைந்தது. எல்லோருக்கும் ஒரே மருந்து, ஏறக்குறைய ஒரே வயது. எப்படி இத்தனை வித்தியாசம்? மீதி இருபதையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இதை யாரும் செய்வதில்லை. விதியிலும் இல்லை. இரண்டு நாள் ஆயிற்று.

ஆறு மாத்திரையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, மூன்று, நான்கு மில்லிகிராம். ஒன்பதில் இருபத்தைந்து வாக்கில். நான்கில் எழுபது. ஒன்றில் நூற்றுப் பன்னிரண்டு. தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தேன். நூற்றுப் பன்னிரண்டேதான்.

எல்லாவற்றையும் கூட்டி வகுத்துப் பார், முப்பத்திரண்டு வரும். நான் பத்தைச் சேர்த்துப் பொடித்தபோதெல்லாம் எனக்குக் கிடைத்தது அந்தச் சராசரி. எந்தப் பிள்ளையும் சராசரியை விழுங்குவதில்லை. விழுங்குவது ஒரு மாத்திரையை. எட்டு வருஷமாக இதைப் படித்தவள், எனக்கு இது ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

எப்படி நடந்தது என்றும் கண்டுபிடித்துவிட்டேன். மொட்டைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்க வைப்போம். அப்போது சான்டோனினின் வளையம் ஒன்று திறந்து, அது நீரில் கரைந்து வரும். அமிலம் விட்டதும் வளையம் மூடிக்கொண்டு படிகமாக விழும். அந்தப் படிகம் வெயில் பட்டால் மஞ்சளாகி வெடித்துச் சிதறும். அதனால் சிவப்புக் கண்ணாடி போட்ட அறையில்தான் அரைத்துச் சலிப்பார்கள். ஜனவரியில் அந்த அறையின் கண்ணாடி உடைந்திருக்கிறது. புதுக் கண்ணாடி வர இரண்டு வாரம் ஆகும் என்று, போர்மேன் அரைக்காமலேயே படிகத்தைச் சர்க்கரையோடு கலந்துவிட்டான். "கலக்கத்தானே போறோம், அரைச்சா என்ன அரைக்காட்டி என்ன?" என்கிறான் என்னிடமே. நீளமான படிகம் ஒரு பக்கம் ஒதுங்கியது, சர்க்கரை ஒரு பக்கம் ஒதுங்கியது. அந்தப் பேட்சுக்குக் கீழேதான் என் கையெழுத்து.

நாளை மேனேஜரிடம் சொல்லப்போகிறேன்.

சலவைக்காரம்மாவிடம் சொல், அது ரத்தமில்லை. இந்த மருந்து சாப்பிட்டவர்களின் சிறுநீர் சோடா பட்டால் சிவக்கும். மருந்து உடம்பில் ஏறியிருந்தால் சிவப்பு. ஏறாவிட்டால் வெள்ளை.

அதனால்தான் கேட்கிறேன், கோபிக்காதே. ஏழாம் நம்பர் கேள்விக்காரியின் கட்டில்தானே? ஆறாம் தேதி அவள் துணி வெள்ளை. மறுநாள் செக்கச்சிவப்பு. முதல் நாள் அவள் விழுங்கியது வெறும் சர்க்கரை மாத்திரை என்று நினைக்கிறேன். அப்படியானால் ஏழாம் தேதி சிவந்தது எதனால்?

அக்கா, அவளுக்கு எத்தனை மாத்திரை கொடுத்தாய்?

பொடிசு

*

மார்ச் 2

நோட்டில் ஒன்று என்று இருக்கிறது. நோட்டில் இருப்பதுதான் கொடுத்தது.

கேள்விக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தாள். கரண்டியை இடது கையால் பிடிக்கிறாள். ஜன்னல் இன்னும் மஞ்சளாக இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்து, இல்லை என்று தலையாட்டினாள்.

சலவைக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

இங்கே வேலை அதிகம். உன் மேனேஜர் என்ன சொன்னார் என்று எழுது.

அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

காலையிலிருந்து எழுதி எழுதி விரல் மரத்துவிட்டது. எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

இருபத்தேழாம் தேதி மேனேஜரிடம் போனேன். எண்களைப் பார்த்ததும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இன்னொரு தடவ செஞ்சு பாருங்க. அவசரப்பட்டு எதையாவது எழுதிவெச்சிடாதீங்க. ஒரு வாரம் பொறுங்க, மேலிடத்துல பேசிட்டு வரேன்" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அலமாரிக் குப்பியிலிருந்தும் இருபது எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். அதே கதைதான். வாரம் முழுக்க அவர் அறைக்கும் என் மேசைக்குமாக நடந்தேன். "இன்னிக்கு வந்துடும் பதில்." "நாளைக்கு நிச்சயம்." மேசையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோய் சோதனைக்கூடத் தரை முழுக்கத் தண்ணீர்.

நேற்று பதில் வந்தது. விற்றதைத் திரும்பக் கேட்டால் பெயர் கெட்டுவிடுமாம். இனிமேல் அரைத்துச் சலிக்கச் சொல்லிவிட்டார்களாம். அவ்வளவுதானாம்.

"அந்தக் கொழந்தைக்கு வலிப்பு வந்திருக்கே சார்?"

"ஒரு மாத்திரைல வலிப்பெல்லாம் வராதும்மா. அந்த நர்ஸ் ரெண்டு மூணு குடுத்திருப்பா. இப்ப மறைக்கறா. எத்தனை பேர பாத்திருக்கேன்."

"அந்த நர்ஸ் என் அக்கா. அவ பொய் சொல்லமாட்டா."

நான் வெளியே வந்துவிட்டேன். அனுப்பும் பிரிவுக் குமாஸ்தா நல்லவர், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. 214 எங்கெங்கே போயிற்று என்ற பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "நான் கைகழுவிட்டு வரேன்" என்று எழுந்து போனார். நாற்பத்தோரு இடம். பள்ளிக்கூடம், மருந்துக்கடை, சின்ன ஆஸ்பத்திரி. இன்று மதியத்துக்குள் நாற்பத்தோரு கடிதமும் என் கையால் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். "214 குப்பியைத் தொடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே பேதிக்குக் கொடுத்து டாக்டரை அழையுங்கள்." கீழே என் கையெழுத்து. கம்பெனி முத்திரை இல்லை.

வேலை போகும். போகட்டும். அரசாங்க மருந்து ஆய்வாளருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அவர் உன்னிடம் வருவார். நோட்டைக் காட்டு. ஒரே ஒரு மாத்திரை, அதிலேயே இது நடந்தது என்று உன் நோட்டு சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி நீதான்.

தங்கை

*

மார்ச் 10

பொடிசுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

நான் பொய் சொல்லமாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னாயாமே. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நேற்று நோட்டை எடுத்தேன்.

ஆறாம் தேதி எல்லோருக்கும் ஒன்று கொடுத்தேன். மாலையில் பேதியாகிப் பெரும்பாலோருக்குப் பூச்சி விழுந்தது. கேள்விக்காரிக்கும் இன்னும் ஆறேழு பேருக்கும் ஒன்றும் விழவில்லை. மற்றவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இவளுக்கு வயிறு முன்னே தள்ளி, கை கால் குச்சியாக, இரண்டு மாதமாக எடை ஏறவே இல்லை. பூச்சி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மருந்து அவளைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அதில் மருந்தே இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் வர இன்னும் மூன்று நாள். இந்த மருந்தை அடுத்த நாளே மறுபடி கொடுக்கக் கூடாது, வாரம் பத்து நாள் போக வேண்டும் என்று படித்தவள்தான் நான். ஆனாலும் ஏழாம் தேதி காலை யாரையும் கேட்காமல் இன்னொன்று கொடுத்தேன். "இன்னிக்கு எதுக்கு மறுபடியும்?" என்று கேட்டாள். "நேத்து மாத்திரை தூங்கிப்போச்சு, இது எழுப்பிவிடும்" என்றேன். சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.

விளக்கெண்ணெயை மாலையில் கொடுக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

நோட்டில் இரண்டாவது மாத்திரையை எழுதவில்லை. அன்று கை ஓடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் எழுதியிருக்கலாம். அதற்கடுத்த நாளும் எழுதியிருக்கலாம். உன்மேல் புகார் எழுதியபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? தப்பு வேறொருத்தியுடையது, அதுவும் அன்றைக்கு என்னை அப்படிப் பேசியவளுடையது என்று. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று நோட்டில் ஏழாம் தேதிக்கு நேராகச் சிவப்பு மையில், இன்று எழுதுவது என்று தேதி போட்டு, இரண்டாவது மாத்திரை கொடுத்தது நான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எடுத்துப்போய் இல்லத் தலைவரம்மாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத்தன வருஷம் கூட இருந்துட்டு, இதை ஒரு மாசம் எப்படிம்மா வெச்சிருந்தீங்க?" என்றார். விசாரணை முடியும்வரை மருந்து அலமாரிச் சாவி என்னிடம் இருக்காது. குழந்தைகளைக் குளிப்பாட்டலாம், மருந்து தொடக் கூடாது.

மருந்து ஆய்வாளர் வந்தால் உள்ளதைச் சொல்லுவேன். உன் மேனேஜர் சொன்னது பாதி சரியாகிவிடும். உன் சாட்சி பழுது என்பார்கள். அதற்காக நான் பொய்யைத் தொடர முடியாது, நீயும் அதைக் கேட்கமாட்டாய். ஆனால் அந்தச் சிவப்புத் துணிக்கும் வெள்ளைத் துணிக்கும் சலவைக்காரம்மா சாட்சி. ஒரே குப்பி, ஒரே பிள்ளை. ஒன்றில் மருந்து இல்லை, மற்றதில் அளவுக்கு மேல். அதை யாரும் மறுக்க முடியாது.

நீ என்னைத் திட்டி எழுது.

அக்கா

*

மார்ச் 21

அக்கா,

உன்னைத் திட்டுவதற்கு நான் யார்? கேள்.

நாற்பத்தோரு கடிதத்துக்கு முப்பத்தேழு பதில் வந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் குப்பியைத் திறக்கவே இல்லை. சிலர் நன்றி என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். ஒரு மருந்துக்கடைக்காரர், குப்பிக்கு மாற்றுக் குப்பி எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். ஆய்வாளர் வந்து அலமாரிக் குப்பியையும் என் குறிப்பேட்டையும் முத்திரை வைத்து எடுத்துப்போனார். தனித்தனியாக நிறுத்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "பத்தையும் சேர்த்துப் பொடிக்கறதுதானே எல்லா இடத்துலயும் வழக்கம்?" என்றார். "ஆமா சார், அதான் பயமா இருக்கு" என்றேன். உன் நோட்டைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த நாளே என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேட் வாசலில் என் குடையையும் செருப்பையும் கொடுத்தனுப்பினார்கள்.

இதையெல்லாம் ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால் அடுத்ததை எழுத வரவில்லை.

ஒரு பதில் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை, ஒரு வீட்டிலிருந்து வந்தது. தச்சர் ஒருவர். என் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவரிடம் கொடுத்திருக்கிறார். அவருடைய ஆறு வயது மகளுக்கு மார்ச் மூன்றாம் தேதி பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று, அக்கா. ஒன்றுதான். நான்காம் தேதி காலையில் இறந்துவிட்டாள்.

அவர் திட்டவில்லை. பென்சிலில், கோடு போட்டு, நிதானமாக எழுதியிருக்கிறார். ஒரே ஒரு கேள்வி. "தாங்கள் இதை எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்."

நான் கண்டுபிடித்தது பிப்ரவரி இருபத்தாறு. எழுதியது மார்ச் ஆறு. நடுவில் எட்டு நாள். ஒரு வாரம் பொறு என்று ஒருத்தர் சொன்னார், நான் பொறுத்தேன். கடிதம் அங்கே போக இரண்டு நாள் போதும். இருபத்தேழாம் தேதி தபாலில் போட்டிருந்தால் மார்ச் ஒன்றாம் தேதி வாத்தியார் கையில் இருந்திருக்கும். நான் மாத்திரையைத் திரும்பத் திரும்ப நிறுத்துக்கொண்டிருந்தேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். பிப்ரவரி 26 என்று எழுதினேன். அதற்குமேல் ஒரு எழுத்தும் வரவில்லை. இதைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று தோன்றுகிறது. நேரில் போகப்போகிறேன். வரும் வெள்ளிக்கிழமை. அங்கே போய் என்ன செய்வது, எங்கே நிற்பது, உட்காரலாமா கூடாதா, எதுவும் தெரியவில்லை. அறையில் நடந்துகொண்டே இருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தரம் வந்து, "ஏதாவது தொலைஞ்சுபோச்சாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

பொடிசு

*

மார்ச் 24

பொடிசுக்கு,

இதை உன் ஊருக்கு வரும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன், தபால் தாமதமாகும்.

வியாழக்கிழமை மாலை ரயிலில் வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வா. வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போவோம். தனியாகப் போகாதே. நான் வருவதற்குள் கிளம்பிவிட்டாய் என்றால் உன்னோடு பேசமாட்டேன், இந்தத் தடவை நிஜமாகவே.

அந்த எட்டு நாளை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. எட்டு நாள் எட்டு நாள்தான். ஆனால் அது முழுக்க உன்னுடையதும் இல்லை. வலிப்பு ஏன் மறுநாள் வந்தது என்று பிப்ரவரி பதினாறிலேயே நீ என்னைக் கேட்டாய். இருபதில் அதற்கு மட்டும் பதில் எழுதாமல் தப்பித்தேன், மார்ச் இரண்டில் நோட்டைக் காட்டித் தப்பித்தேன். உள்ளதை முதலிலேயே எழுதியிருந்தால் மாத்திரைக்கு மாத்திரை வித்தியாசம் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கும், நாற்பத்தோரு கடிதமும் முன்னாலேயே போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. போயிருந்தால் அந்தக் கடிதம் மூன்றாம் தேதிக்கு முன்னால் சேர்ந்திருக்குமா, தெரியாது. தெரியாததையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

அங்கே என்ன செய்வது என்று கேட்டாய். பதினேழு வருஷத்தில் எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறேன். எங்கள் வேலையில் அதுவும் உண்டு. உள்ளே கூப்பிட்டால்தான் போக வேண்டும். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், நாற்காலி முனையில் இல்லை, சரியாக. அழக் கூடாது, அழுதால் அவர்கள் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். மருந்து, படிகம், சிவப்புக் கண்ணாடி எதுவும் அவர் கேட்காமல் சொல்லாதே. தேதியைக் கேட்டிருக்கிறார். முதலில் தேதியைச் சொல். "இருபத்தாறாம் தேதி தெரிஞ்சுது. ஆறாம் தேதிதான் எழுதினேன்." அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொண்டு இரு. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். ஒன்றும் சொல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் இரு.

உனக்கு வார்த்தை வராவிட்டால் நான் சொல்கிறேன். ஆனால் தேதியை மட்டும் நீதான் சொல்ல வேண்டும்.

பருத்திப் புடவை கட்டிக்கொள். சாப்பிட்டுவிட்டு வா.

அக்கா